பிரெஞ்சிந்திய விடுதலை: புதுச்சேரி, காரைக்கால் இணைப்பு வரலாறு

இந்தியாவில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளும் 1947க்கும் 1962க்கும் இடையே இந்திய ஒன்றியத்தோடு இணைந்தன. இந்த இணைப்புக்காக உள்ளூரில் நடந்த போராட்டங்களையும், தில்லிக்கும் பாரிசுக்கும் இடையே நடந்த பேச்சுகளையும், கடைசியில் எட்டிய உடன்படிக்கையையும் சேர்த்தே பிரெஞ்சிந்திய விடுதலை என்கிறோம். ஐந்து பகுதிகளில் சந்திரநாகூர் வங்கத்திலும், ஏனாம் கோதாவரிக் கழிமுகத்திலும், மாஹே மலையாளக் கரையிலும் உள்ளன. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் மண்.

1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. நிலத்தின் மீதான சட்ட உரிமை மட்டும் 1962 ஆகஸ்டு 16 வரை பிரான்சிடமே இருந்தது. ஆட்சியை முதலிலும் உரிமையைப் பின்னரும் ஒப்படைத்த இந்த ஏற்பாட்டால்தான் இரு நாடுகளும் படை மோதல் இல்லாமல் பிரிய முடிந்தது. ஏற்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் தூதர்கள். அதற்கான வழியைத் திறந்தவர்கள் ஆலைத் தொழிலாளரும் எல்லையோரக் கிராமத்தாரும்.

நிலமும் மக்களும்

பிரெஞ்சிந்தியா ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. புதுச்சேரிப் பகுதியே துண்டு துண்டாகக் கிடந்தது. புதுச்சேரி, முதலியார்பேட்டை, உழவர்கரை, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை என்ற எட்டு கொம்யூன்களும் (நகராட்சிப் பகுதிகளும்) அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடந்தன. ஒரு கிராமம் பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும். அதன் ஏரியோ களத்துமேடோ சென்னை மாகாணத்துக்குள் இருக்கும். இந்தப் பின்னல் இன்றும் அப்படியே உள்ளது. காரைக்கால் அரசலாற்றுக் கழிமுகத்தில், மூன்று பக்கமும் தஞ்சை மாவட்டம் சூழ, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகியவற்றை உள்ளடக்கி ஆறு கொம்யூன்களாக இருந்தது.

இரயில் பாதைகளும் இந்தப் பின்னலைக் காட்டின. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கும் சென்ற வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய இரயில்வே. அதன் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. அரசுகள் இரண்டாக இருந்தாலும் மொழியும் உறவும் சந்தையும் ஒன்றாகவே இருந்தன. பெண் கொடுத்து எடுப்பதற்கும், நெல் விற்பதற்கும், திருவிழாவுக்குச் சென்று வருவதற்கும் எல்லை தடையாக இருந்ததில்லை. அந்த எல்லை ஒருநாள் சுங்கச் சாவடியாகவும் காவல் அரணாகவும் மாறியபோது மக்கள் பட்ட பாடே இணைப்புக் கோரிக்கைக்கு வலுவூட்டியது.

திருவரங்கம் முதல் பாரிஸ் உடன்படிக்கை வரை

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டனர். 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். ஆளுநர் துய்ப்ளே தென்னிந்திய அரசுரிமைப் பூசல்களில் தலையிட்டுப் பேரரசு ஒன்றை நிறுவ முயன்றார். அந்த முயற்சி முறிந்த இடம் திருச்சிராப்பள்ளி.

ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். ஆங்கிலேயர் முன்னவரையும் பிரெஞ்சுக்காரர் பின்னவரையும் ஆதரித்தனர். திருச்சிக் கோட்டைக்குள் இருந்த முகமது அலியை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை, 1752 கோடையில் தானே முற்றுகைக்குள் சிக்கியது. படைத்தலைவர் ழாக் லா காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். சமயபுரத்தில் ஆங்கிலேயத் தளபதி இராபர்ட் கிளைவ் பாளையமிறங்கி, கொள்ளிடத்துக்கு வடக்கிலிருந்து உதவி வரும் வழியை அடைத்தார். புதுச்சேரியிலிருந்து துய்ப்ளே அனுப்பிய துணைப்படை வாலிகண்டபுரத்தில் பணிந்தது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 800 பிரெஞ்சு வீரர்களுடன் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானாஜியிடம் அடைக்கலம் தேடிய சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

துய்ப்ளே 1754 அக்டோபரில் பதவியிழந்து புதுச்சேரியை விட்டுக் கப்பலேறினார். அதன்பின் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறி மாறிச் சென்றது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பிறகு 1814, 1815 ஆண்டுகளின் பாரிஸ் உடன்படிக்கைகளின்படி ஐந்து பகுதிகளும் 1816-17இல் பிரான்சுக்குத் திரும்பின. அவை இனி வணிகத் தளங்களாகவே இருக்கும் என்பது ஏற்பாடு. 1947இல் பேச்சுக்கு வந்த எல்லைகள் அந்த ஏற்பாட்டில் அமைந்தவையே.

வாக்குரிமையும் அடைக்கலமும்

பிரித்தானிய இந்தியாவில் இல்லாத ஒன்று பிரெஞ்சிந்தியாவில் இருந்தது. 1848இலேயே பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை அதற்குக் கிடைத்தது. 1871க்குப் பிறகு அந்த உரிமை நிலைபெற்றது. 1881ஆம் ஆண்டு அரசாணை, சாதி வழக்கங்களைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புவோருக்கு வழி திறந்தது. அவர்களை ரெனோன்சான் என்றனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை அவர்களின் முன்னோடி. அவர்களுக்கு எதிரணியில் நின்ற சண்முக வேலாயுத முதலியார் நெடுங்காலம் ஊர் அரசியலைத் தம் பிடிக்குள் வைத்திருந்தார். தேர்தல் நாளில் அடியாள் படையும் கள்ள வாக்கும் வழக்கமாகிப் போயின. 1948க்குப் பிறகு பொதுவாக்கெடுப்பு என்ற சொல்லை மக்கள் ஐயத்தோடு பார்த்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இதே மண் விடுதலை வீரர்களுக்கு அடைக்கலமும் தந்தது. 1908இல் பாரதியாரும் 1910இல் அரவிந்தரும் புதுச்சேரிக்கு வந்தனர். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் இலண்டனில் காவலரின் பிடியிலிருந்து தப்பி, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்து பத்தாண்டுகள் தங்கினார். சென்னையில் அடக்குமுறைக்கு உள்ளான ‘இந்தியா’ இதழ் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. பிரித்தானிய அரசின் ஒற்றர்கள் தெருவுக்குத் தெரு நின்றபோதும், பிரெஞ்சுச் சட்டம் இவர்களுக்குக் காப்பாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சிமீது பலருக்கு இருந்த மதிப்புக்கு இது நேர்மையான காரணம். இணைப்பை விரும்பாதவர்கள் எல்லோரும் ஆட்சியாளரின் கைக்கூலிகள் என்று எண்ணினால் இந்த வரலாறு விளங்காது.

1936: ஆலைத் தொழிலாளர் எழுச்சி

புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பெண்களும் சிறுவர்களும் உட்பட ஆயிரக்கணக்கானோர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1911இல் புதுச்சேரியில் பிறந்த வ. சுப்பையா 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கி, இந்தத் தொழிலாளரைத் திரட்டினார். அதே ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்து சென்றார்.

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது ஆயுதப்படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தனர். பாரிசில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. பிரான்சில் தொழிலாளர் பெற்ற உரிமைகளைக் கேட்டதற்காகப் புதுச்சேரித் தொழிலாளர் கொல்லப்பட்ட செய்தி அந்த ஆட்சியை உலுக்கியது. 1937இல் சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தன. ஜூலை 30 இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

பிரெஞ்சிந்திய விடுதலையின் தொடக்கமாக 1947ஐக் கொள்வோர் உண்டு. 1936ஐத் தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம். வழக்கறிஞர்களும் நிலக்கிழார்களும் நடத்திய அரசியலில் உழைப்பவர்கள் தம் பெயரில் முதன்முறையாக நுழைந்தது அப்போதுதான். பின்னர் அமைந்த தேசிய ஜனநாயக முன்னணிக்கு அடித்தளம் இட்டவர்களும் அவர்களே.

போரும் புதிய அரசமைப்பும்

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, ஆளுநர் லூயி போன்வேன் செப்டம்பரில் தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தார். பிரித்தானிய இந்தியா சூழ்ந்திருந்த நிலையில் வேறு வழியும் அதிகம் இல்லை. 1941இல் இரு ஆட்சிகளுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. எல்லையில் வரி கேட்கும் வழக்கம் நின்றது.

போருக்குப் பின் 1946ஆம் ஆண்டு அரசமைப்பு, பிரெஞ்சிந்தியாவைக் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் ஒன்றாக்கியது. 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை உருவானது. சுப்பையாவின் தேசிய ஜனநாயக முன்னணி தேர்தலில் பெரும்பான்மை பெற்றது. அந்த அரசமைப்பின் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. அடுத்த எட்டாண்டுப் பேச்சுகளும் இந்த ஒரு பிரிவைச் சுற்றியே நடந்தன.

1947: இரு அரசுகளின் நிலைப்பாடு

1947 ஆகஸ்டு 15க்குப் பின் நேருவின் அரசு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இந்திய மண்ணில் அயல்நாட்டு ஆட்சிப்பகுதி எதுவும் நிலைக்க முடியாது. அதே சமயம் அதைப் பேச்சின் வழியே தீர்க்க வேண்டும் என்பதிலும் நேரு உறுதியாக இருந்தார். அந்த மாத இறுதியில் இரு அரசுகளும் இணக்கமான தீர்வு காண்போம் என்று கூட்டாக அறிவித்தன. சூரத், மசூலிப்பட்டினம், கோழிக்கோடு முதலிய இடங்களில் பிரான்சிடம் இருந்த சிறு பண்டகசாலை மனைகள் அக்டோபரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

பெரிய பகுதிகளை விடுவதற்குப் பிரான்ஸ் தயங்கியது. வியட்நாமில் அது ஹோ சி மின்னின் படைகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. மொராக்கோ, துனீசியா, அல்ஜீரியாவிலும் விடுதலைக் குரல் எழுந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழ்ந்த பிரெஞ்சிந்தியாவைப் பொதுவாக்கெடுப்பு இல்லாமல் கொடுத்தால், மற்ற இடங்களுக்கு அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்று பாரிஸ் அஞ்சியது. 1948 ஜூன் 8 உடன்பாட்டில், தம் எதிர்காலத்தை மக்களே வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள் என்று இரு அரசுகளும் ஏற்றன. வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகராட்சி மன்றங்கள் வகுக்கும் என்றும், அதற்காக மன்றங்களுக்குப் புதிய தேர்தல் நடக்கும் என்றும் முடிவாயிற்று.

அந்தத் தேர்தல் 1948 அக்டோபரில் நடந்தது. மாஹேயில் மக்கள் கிளர்ந்து ஆட்சி அலுவலகத்தைக் கைப்பற்றினர். பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து ஆட்சியை மீட்டது. புதுச்சேரி, காரைக்காலில் எதுவார் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி வென்றது. அக்கட்சி அப்போது பிரான்சோடு இருப்பதையே ஆதரித்தது. வாக்குச்சாவடிகளில் வன்முறை நிகழ்ந்ததாக இணைப்புத் தரப்பு குற்றஞ்சாட்டியது.

சந்திரநாகூரின் தீர்ப்பு

கல்கத்தாவை ஒட்டிய சந்திரநாகூரில் நிலைமை வேறு. 1949 ஜூன் 19 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில் 7,473 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 114 பேர் எதிராகவும் வாக்களித்தனர். 1950 மே 2 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1951 பிப்ரவரியில் பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1952 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1954 அக்டோபர் 2 அன்று சந்திரநாகூர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது.

முதலில் ஆட்சி, பிறகு உரிமை என்ற வரிசை இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் அந்த வாக்கின் ஒருதலைப்பட்சமான முடிவே மற்ற நான்கு பகுதிகளில் பிரான்சின் தயக்கத்தை மிகுவித்தது. அங்கே வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

எல்லை நெருக்கடி, 1949-1953

1949இல் இந்தியா சுங்க ஒன்றியத்தை முடித்துக்கொண்டது. கிராமங்களுக்கு நடுவே சுங்கச் சாவடிகள் எழுந்தன. விளைந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. மறுபக்கம் புதுச்சேரி வரியற்ற துறைமுகமாகி, தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் மதுவும் கடத்தலில் இந்தியாவுக்குள் புகுந்தன. சாதாரண மக்களுக்குத் தட்டுப்பாடும் சிலருக்குப் பெருஞ்செல்வமும் சேர்ந்தே வந்தன.

இணைப்புக் கட்சியினர்மீது தாக்குதல்கள் நடந்தன. 1950இல் சுப்பையாவின் வீடு தீக்கிரையானது. தொண்டர்கள் பலர் இந்திய எல்லைக்குள் தங்கிச் செயல்பட நேர்ந்தது. ஓய்வூதியம் பெறும் படைவீரர்கள், அரசு ஊழியர்கள், ரெனோன்சான் குடும்பத்தார் ஆகியோருக்கு வேறு கவலைகள் இருந்தன. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனம் வரை சென்று உழைத்துப் பெற்ற ஓய்வூதியம் நின்றுவிடுமோ, பிள்ளைகளின் படிப்பும் வேலையும் என்னவாகும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லாத எந்த உடன்படிக்கையும் நிலைத்திருக்க முடியாது.

1951இல் பன்னாட்டு நீதிமன்றத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தனர். சுதந்திரமான வாக்கெடுப்புக்கு உகந்த சூழல் இல்லை என்பதே அவர்கள் கண்டது. 1952இல் இந்தியா, வாக்கெடுப்பை இனி ஏற்பதற்கில்லை, நேரடியாக ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தது. பிரான்சோ 27ஆம் பிரிவைக் காட்டி மறுத்தது.

1954: திருப்பம்

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியின் எட்டு கொம்யூன் மேயர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற குபேரும் இதில் சேர்ந்தார். ஊழல், கடத்தல் குறித்த விசாரணை தம் ஆட்களை நெருங்கியதே அவர் மாறியதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் பிரான்சைக் கைவிட்டது பேச்சின் போக்கையே மாற்றியது.

மார்ச் இறுதியில் குபேரும் ஆதரவாளர்களும் நெட்டப்பாக்கம் சென்று இந்தியக் கொடியேற்றி, தற்காலிக ஆட்சி அமைத்தனர். ஏப்ரலில் திருபுவனையும் இணைப்புத் தரப்பின் கைக்கு வந்தது. சுப்பையாவின் தோழர்களும் தனியாகப் போராட்டத்தை நடத்தினர். பல ஆண்டுகள் பகைவராக இருந்த இரு தரப்பும் ஒரே இலக்கை நோக்கி வெவ்வேறு பாதையில் சென்றன. இந்தியா எல்லைக் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஜூன் 13 அன்று ஏனாமில் ததால ரபேல் இரமணய்யாவின் தலைமையிலும், ஜூலை 16 அன்று மாஹேயில் ஐ.கே. குமாரனின் தலைமையிலும் பிரெஞ்சு ஆட்சி அகன்றது.

உலக அரங்கிலும் காற்று திசைமாறியது. ஏப்ரலில், இந்தோசீனப் போருக்குப் பிரெஞ்சு வீரர்களை ஏற்றிச்செல்லும் அமெரிக்க விமானங்கள் இந்திய வான்வழியே பறக்க நேரு இசையவில்லை. மே 7 அன்று தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. மே, ஜூன் மாதங்களில் பாரிசில் நடந்த இந்திய-பிரெஞ்சுப் பேச்சு, வாக்கெடுப்பு என்ற அதே புள்ளியில் முறிந்தது. ஜூனில் பியேர் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவா மாநாட்டில் இந்தோசீனப் போருக்கு முடிவு கண்டார். அந்த மாநாட்டில் இந்தியா உறுப்பு நாடு இல்லை. ஆயினும் வி.கே. கிருஷ்ண மேனன் அங்கே தங்கி எல்லாத் தரப்போடும் பேசினார். போர்நிறுத்தக் கண்காணிப்பு ஆணையங்களுக்கு இந்தியாவே தலைமை ஏற்றது. இந்தியாவின் நல்லெண்ணம் பிரான்சுக்குத் தேவைப்பட்ட நேரம் அது. புதுச்சேரிக்கான கதவு ஜெனீவாவிலிருந்தே திறந்தது.

கீழூர் வாக்கெடுப்பு

இரு அரசுகளும் ஒரு நடுவழியைக் கண்டன. பொதுவாக்கெடுப்புக்கு மாற்றாக, மக்களால் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும், புதுச்சேரி, காரைக்கால் நகராட்சி மன்ற உறுப்பினர்களும் ஒன்றாகக் கூடி வாக்களிப்பது என்று ஏற்றனர். பிரான்சுக்கு 27ஆம் பிரிவு கேட்ட ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவுக்கு, அச்சத்துக்கும் அடியாளுக்கும் நடுவே நடக்கும் வாக்கெடுப்பு தவிர்ந்தது.

கீழூரில் அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 21 அன்று தில்லியில் இந்திய வெளியுறவுச் செயலர் ஆர்.கே. நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஸ்தனிஸ்லாஸ் ஒஸ்த்ரோரோகும் ஒப்படைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். திருவரங்கத்துத் தோல்விக்குப் பின் துய்ப்ளே கப்பலேறி இருநூறு ஆண்டுகள் கழித்து, பிரான்சின் ஆட்சி தமிழ்நாட்டுக் கடற்கரையை விட்டு நீங்கியது.

உடன்படிக்கையும் எட்டாண்டுக் காத்திருப்பும்

1956 மே 28 அன்று பிரதமர் நேருவும் ஒஸ்த்ரோரோகும் தில்லியில் உரிமை ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 1954 நவம்பர் 1க்கு முன் இருந்த தனி ஆட்சியமைப்பு தொடரும் என்றும், அதை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்றும் அது கூறியது. மக்களின் பிரதிநிதிகள் வேறுவகையில் முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும். ஊழியர்களின் பணி உரிமைகளுக்குக் காப்பு உண்டு. இந்தியக் குடியுரிமை பெறும் மக்கள், விரும்பினால் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பண்பாட்டு உறவு நீடிக்கும் என்பதற்குச் சான்றாயிற்று.

இந்த உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் உடனே ஒப்புதல் தரவில்லை. 1954 நவம்பர் 1, புதுச்சேரியில் கொடி மாறிய அதே நாள், அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிய நாளும் ஆகும். அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எந்த நிலத்தையும் சட்டப்படி விட்டுக்கொடுப்பது பாரிசின் அரசியலில் இயலாததாயிற்று. 1962 மார்ச்சில் எவியான் உடன்பாடு கையெழுத்தாகி, ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஜூலையில் புதுச்சேரி உடன்படிக்கைக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்டு 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன.

எட்டாண்டுக் காலம் இந்தியா ஆண்டது, பிரான்ஸ் உரிமை வைத்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு தோட்டாகூட இரு நாடுகளுக்கிடையே பாயவில்லை. இது இந்தியத் தூதாண்மை பெருமைப்படத்தக்க சாதனை.

கோவாவும் ஏடனும்: ஓர் ஒப்பீடு

போர்ச்சுக்கல் கோவாவைத் தன் மாகாணம் என்று கூறிப் பேச்சுக்கே வர மறுத்தது. தாத்ரா, நகர் ஹவேலி 1954இல் கைநழுவியபோது பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தே கோவா விடுதலை ஆயிற்று. கோவா இந்தியாவுக்கே உரியது என்பதைப் போர்ச்சுக்கல் 1974 வரை ஏற்கவில்லை.

தென் அரேபியாவின் ஏடன் இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் பொருத்தமானது. 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை கைப்பற்றிய ஏடன், 1937 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டது. 1951 வரை அங்கே இந்திய ரூபாயே புழங்கியது. பிரித்தானியா ஏடனைச் சுற்றியிருந்த ஷேக்குகளையும் சுல்தான்களையும் 1959இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்து, 1963 ஜனவரியில் ஏடன் நகரத்தையும் அதில் இணைத்தது. நகரத்துத் தொழிற்சங்கத்தார் அந்தக் கூட்டமைப்பை ஏற்கவில்லை. 1962 செப்டம்பரில் வட ஏமனில் குடியரசு அமைந்ததும் எகிப்தின் ஆதரவு தெற்கிலும் பாய்ந்தது. 1963 அக்டோபரில் ரத்ஃபான் மலைப்பகுதியில் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. ஐ.நா. பொதுச்சபை அந்த டிசம்பரில் மக்களின் தன்னுரிமையை வலியுறுத்தியது. இந்தியா உறுப்பினராக இருந்த காலனி ஒழிப்புக் குழு ஏடன் கேள்வியை ஆராய்ந்தது. 1967 ஏப்ரலில் வந்த ஐ.நா. தூதுக்குழு சில நாட்களிலேயே திரும்பிச் சென்றது. தேசிய விடுதலை முன்னணியும் அதன் போட்டி அமைப்பான ஃப்ளோசியும் தமக்குள்ளேயும் மோதிக்கொண்டன. நவம்பரில் ஜெனீவாவில் அவசரமாகப் பேசி முடித்து, நவம்பர் இறுதியில் பிரித்தானியப் படை வெளியேறியது. நவம்பர் 30 அன்று தென் ஏமன் பிறந்தது.

இரண்டு இடங்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். ஏடனில் ஆட்சியைப் பெற்றுக்கொள்ள மக்கள் நம்பிய மன்றம் எதுவும் இல்லை. வெளியேறும் அரசு தானே அமைத்த கூட்டமைப்பால் தனித்து நிற்க முடியவில்லை. புதுச்சேரியில் குறைபாடுகள் நிறைந்தவையாயினும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்தன. பொறுப்பேற்க நிலையான மக்களாட்சி நாடு ஒன்று அருகிலேயே இருந்தது. மாற்றத்தை விரும்பாதவரின் ஓய்வூதியம், மொழி, குடியுரிமை ஆகியவற்றுக்கு எழுத்தில் உறுதி தரப்பட்டது.

பின்வரலாறு

1962இல் அரசமைப்பின் பதினான்காவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்கியது. 1963 ஜூலை 1 அன்று சட்டப்பேரவை அமைந்து, குபேர் முதலமைச்சரானார். 1979 ஜனவரியில், அண்டை மாநிலங்களோடு சேர்க்கும் எண்ணத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டபோது புதுச்சேரியில் கடும் போராட்டம் வெடித்தது. திட்டம் கைவிடப்பட்டது. 2006இல் பாண்டிச்சேரி என்ற ஆட்சிப்பெயர் புதுச்சேரி என்று மாறியது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பத்தார் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கின்றனர். நவம்பர் 1 விடுதலை நாளாகவும், ஆகஸ்டு 16 சட்டப்படியான ஒப்படைப்பு நாளாகவும் கொண்டாடப்படுகின்றன.

முழு மாநிலத் தகுதி வேண்டும் என்று புதுச்சேரிச் சட்டப்பேரவை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. நிதி, அதிகாரம், தில்லி நியமிக்கும் துணைநிலை ஆளுநரோடு எழும் உரசல் என்று அந்த விவாதம் நடக்கிறது. 1956 உடன்படிக்கையின் நோக்கிலும் அதைப் பார்க்க வேண்டும். இந்த மண்ணின் ஆட்சியமைப்பை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்றுவோம் என்று இந்தியா எழுதிக்கொடுத்திருக்கிறது. 1936இல் உயிர்நீத்த தொழிலாளரும், நெட்டப்பாக்கத்திலும் கீழூரிலும் கூடியவர்களும் பெற்றுத்தந்த அந்த உறுதிமொழி இன்னும் நடப்பில் உள்ளது. அதை நிறைவேற்றும் கடமை இப்போது பாரிசுக்கு இல்லை, தில்லிக்கு உண்டு.